தலைக்கு மேல இடம் இருந்தா மட்டும் போதாது: ஜான் டென்வரோட லாங்-ஈஸி விபத்தும் உயரமானவங்க காக்பிட் அளக்கவேண்டிய விதமும்

வீட்டுலயே கட்டுற சின்ன விமானம்னு பேச்செடுத்தாலே ஆறடிக்கு மேல இருக்கறவங்க முதல்ல கேக்குறது தலை இடிக்குமாங்கறதுதான், அடுத்த கேள்வி ஹெல்மெட் போட்டா கேனபி, அதாவது பைலட் தலைக்கு மேல மூடற கண்ணாடிக் கூரை, மூடுமா. ரெண்டுமே நியாயமான கேள்வி. ஆனா பதில் தேடிப் போறவங்க உச்சந்தலைக்கும் கேனபிக்கும் நடுவுல எத்தனை இன்ச்னு மட்டும் அளந்துட்டு வந்துடுறாங்க, உக்காந்த இடத்துலேர்ந்து எதெல்லாம் கைக்கு எட்டணும், அதை எட்டிப் பிடிக்கும்போது மத்த கையும் காலும் என்ன பண்ணும்னு யாரும் அளக்குறதில்ல. இதை அப்பட்டமா காட்டின விபத்து ஒண்ணு இருக்கு, அதுல செத்தது உலகத்துக்கே தெரிஞ்ச பாடகர்ங்கறதால எல்லாரும் அவரைப் பத்திதான் பேசினாங்க, அந்தக் காக்பிட்டைப் பத்திப் பேசினவங்க கம்மி.

1997 அக்டோபர் 12, ஞாயித்துக்கிழமை. கலிஃபோர்னியாவுல மான்ட்டரே ஏர்போர்ட்லேர்ந்து சாயங்காலம் 5 மணி 12 நிமிஷத்துக்கு அந்தப் பாடகர், ஜான் டென்வர், தனியா கிளம்பினார். வயசு 53, பறந்த அனுபவம் 2,700 மணி நேரத்துக்கு மேல, அதாவது புது ஆள் கிடையாது. விமானம் லாங்-ஈஸி, பதிவு எண் என்555ஜேடி. மூணு தடவை ரன்வேயைத் தொட்டுத் தொட்டு எழும்பிப் பழகிட்டு மேற்கே கடல் பக்கம் போனார். 5:28 வாக்குல பசிஃபிக் குரோவ் ஊருக்கு மேல தாழ்வா பறந்துட்டிருந்தப்ப கீழ இருந்தவங்க இன்ஜின் சத்தம் குறையறதைக் கேட்டாங்க, சிலர் டப்புன்னு ஒரு வெடி சத்தமும் கேட்டுதுன்னாங்க. விமானம் மூக்கை லேசா தூக்கி, சட்டுன்னு வலப்பக்கம் சாஞ்சு, நேரா கடலுக்குள்ள விழுந்துது. 350லேர்ந்து 500 அடி உயரம்தான் இருந்திருக்கும்னு பார்த்தவங்க சொன்னாங்க, அந்த உயரத்துல கட்டுப்பாடு போச்சுன்னா திரும்பப் பிடிக்க நேரமே கிடையாது.

லாங்-ஈஸியைப் பத்தித் தெரியாதவங்களுக்கு: பர்ட் ரூட்டான் வரைஞ்சது, 1979ல முதல்ல பறந்துது. மூக்குல ஒரு குட்டி இறக்கை, பின்னாடி பெரிய இறக்கை, ப்ரொப்பெல்லர் வாலுப்பக்கம் இருந்து தள்ளும். ஃபோம் மேல ஃபைபர்கிளாஸ் ஒட்டி வீட்டு கராஜ்லயே கட்டிடலாம். ரெண்டு பேர் முன்னும் பின்னுமா உக்காரணும், விமானத்தைச் சாய்க்கவும் ஏத்தி இறக்கவும் பிடிக்கற ஸ்டிக் வலது கைப்பக்கம் ஓரத்துல இருக்கும், பைலட் சாய்ஞ்சு காலை நீட்டிப் படுத்த மாதிரி உக்காருவார். அப்படி உக்கார வெச்சதுக்கு காரணமே கேனபியைத் தாழ்வா வெச்சு காத்துத் தடையைக் குறைக்கிறதுதான். சின்ன இன்ஜின்ல ரொம்ப தூரம் போறதுக்காகச் செஞ்ச விமானம் அது, அதுக்கு விலை காக்பிட்டோட இடம். உடம்பைச் சுத்தி சட்டை தைச்ச மாதிரிதான் உள்ள இருக்கும்.

பெட்ரோல் ரெண்டு பக்கமும் இறக்கை உடம்போட சேர்ற இடத்துல தனித்தனி டேங்க்ல இருக்கு. ரெண்டுலேர்ந்தும் ஒரே நேரத்துல வராது, எதுலேர்ந்து எடுக்கணும்னு பைலட்தான் ஒரு கைப்பிடியைத் திருப்பி மாத்தணும். ரூட்டானோட பிளான்ல அந்தக் கைப்பிடி பைலட்டுக்கு முன்னாடி, ரெண்டு காலுக்கும் நடுவுல இருக்கு, குனிஞ்சு பார்த்தா தெரியும், கையை நீட்டினா எட்டும். டென்வர் வாங்கின விமானத்தைக் கட்டினவர் அதை அங்க வைக்கல. பைலட் உக்காருற இடத்துக்குள்ள பெட்ரோல் குழாயே வரவேணாம்னு நெனச்சு வால்வைப் பின்னாடி இன்ஜின் தடுப்புச் சுவர்லயே மாட்டி, அதுலேர்ந்து நீளமா ஒரு ராடு இழுத்து, கைப்பிடியை பைலட்டோட இடது தோளுக்குப் பின்னாடி இருக்கற தடுப்புல கொண்டுவந்து வெச்சுட்டார். அவர் யோசனையில தப்பு சொல்ல எனக்கு மனசு வரல, காக்பிட்டுக்குள்ள பெட்ரோல் கசிஞ்சா என்ன ஆகும்னு பயப்படறது நல்ல பயம்தான். ஆனா தீயிலேர்ந்து காப்பாத்தணும்னு செஞ்ச மாத்தம் எட்டுற தூரத்தைத் தின்னுடுச்சு. அதுக்கும் மேல அந்தக் கைப்பிடிக்கு எந்தக் குறியும் கிடையாது, வலப்பக்கம் திருப்பினா இடது டேங்க் திறக்கும். பெட்ரோல் அளவு பார்க்கற கண்ணாடிக் குழாய் பின்சீட் பக்கம், அதுலயும் அளவுக்கோடு இல்ல. இன்ஜினும் பிளான்ல சொன்னதை விடப் பெருசு, 150 குதிரைசக்தி லைகமிங் ஓ-320, குடிக்கறதும் கூட.

விமானம் டென்வர் கைக்கு வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்துது. முந்தின நாள் சாண்டா மரியாவுல அரை மணி நேரம் போல ஒருத்தர் கூடப் பறந்து சொல்லிக்கொடுத்தார், அப்புறம் அங்கேர்ந்து மான்ட்டரேக்கு இவரே ஓட்டிட்டு வந்தார், இந்த வகை விமானத்துல அவரோட அனுபவம் அவ்வளவுதான்.

கிளம்பறதுக்கு முன்னாடி ஹேங்கர்ல, அதாவது விமானம் நிறுத்தற கொட்டகையில, நடந்ததைத்தான் இந்தக் கேஸ்ல நான் திரும்பத் திரும்பப் படிச்சிருக்கேன். கூட இருந்த மெக்கானிக் விசாரணைக்காரங்கிட்ட சொன்னது அது. டென்வருக்கு விமானத்தோட மூக்கை இடம் வலமா திருப்பற ரட்டர் பெடல் சரியா எட்டல, அதனால முதுகுக்குப் பின்னாடி ஒரு குஷன் வெச்சு முன்னால தள்ளி உக்காந்தார். இப்போ கால் எட்டுது, ஆனா தோளுக்குப் பின்னாடி இருக்கற கைப்பிடி இன்னும் பின்னால போயிடுச்சு. சரின்னு அந்தக் கைப்பிடியில ஒரு வைஸ் கிரிப் பிளையரைக் கவ்வ வெச்சு நீளமாக்கினா எட்டுதான்னு ரெண்டு பேரும் பார்த்தாங்க, அதுவும் சரிப்படல. பின்னாடி இருக்கற பெட்ரோல் அளவுக் குழாயைத் திரும்பாம பார்க்கறதுக்கு மெக்கானிக் சின்னதா ஒரு முகம் பார்க்கற கண்ணாடி கொடுத்தார். பறக்கும்போது டேங்க் மாத்தவேண்டி வந்தா ஆட்டோபைலட் போட்டுட்டு மாத்திக்கறேன்னு டென்வர் சொன்னார். வலது டேங்க்ல பாதிக்குக் கீழ, இடது டேங்க்ல கால்வாசிக்குக் கீழன்னு மெக்கானிக் பார்த்துச் சொல்ல, ஒரு மணி நேரம்தான் பறக்கப்போறேன், பெட்ரோல் வேணாம்னுட்டார்.

இதைப் படிச்சா அவர் அலட்சியமா கிளம்பினார்னு சொல்ல முடியுமா? காக்பிட் தனக்குப் பொருந்தலன்னு அவருக்கே தெரிஞ்சிருக்கு. குஷன், பிளையர், கண்ணாடி, ஆட்டோபைலட்னு நாலு சமாளிப்பு யோசிச்சாச்சு. ஒண்ணை சரிபண்ணப் போய் இன்னொண்ணு கெட்டுப்போறதையும் கண்ணால பார்த்தாச்சு. அந்த இடத்துல, தரையில, இன்ஜின் ஓடாம நிக்கும்போதே கைப்பிடி எட்டலன்னா அந்த விமானம் அன்னிக்கு அவருக்கான விமானம் இல்ல. பெட்ரோலை நிரப்பியிருந்தா அன்னிக்குத் தப்பிச்சிருக்கலாம், ஆனா என்னிக்காவது ஒரு நாள் அந்தக் கைப்பிடியைத் திருப்பித்தானே ஆகணும்.

அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி அந்தக் கைப்பிடியைத் திருப்ப என்னென்ன செய்யணும்னு உக்காந்து பார்த்துது. வலது கையை ஸ்டிக்லேர்ந்து எடுக்கணும். தோள் பெல்ட்டைத் தளர்த்தணும். உடம்பை இடப்பக்கம் கிட்டத்தட்ட 90 டிகிரி முறுக்கி வலது கையைப் பின்னாடி கொண்டுபோகணும். அப்புறம் குறியே இல்லாத கைப்பிடியைத் தேடித் திருப்பணும். இதைச் செஞ்சு பார்த்த விசாரணை பைலட் கவனிச்ச விஷயம்தான் முக்கியம்: ஒவ்வொரு தடவை உடம்பைத் திருப்பும்போதும் அவரோட வலது கால் தானா நீண்டு வலது ரட்டர் பெடலை அழுத்திச்சு, உடம்புக்கு ஒரு பிடிமானம் வேணுமே.

நம்பலன்னா இப்பவே தரையில காலை நீட்டி சுவத்துல சாஞ்சு உக்காருங்க, பாதத்துக்கு முன்னாடி ஒரு அட்டைப்பெட்டியை வெச்சுக்கோங்க, இப்போ வலது கையை இடது தோளுக்கு மேலயோ முன்னால வளைச்சோ கொண்டுபோய் பின்சுவத்தைத் தொட்டுப் பாருங்க. வலது குதிகால் பெட்டியைத் தள்ளும். நீங்க தள்ளணும்னு நெனைக்கவே வேணாம். லாங்-ஈஸில ரெண்டு ரட்டரும் இறக்கை நுனியில தனித்தனியா இருக்கு, வலது பெடல் வலது ரட்டரை மட்டும்தான் திருப்பும், அழுத்தினா மூக்கு வலப்பக்கம் போய் விமானம் வலப்பக்கமே சாயும். கீழ இருந்தவங்க பார்த்ததும் அதேதான். கடலுக்கடியிலேர்ந்து எடுத்த வால்வு ரெண்டு டேங்குக்கும் நடுப்பட்ட நிலையில இருந்துது, அதாவது கைப்பிடி கைக்குக் கிடைச்சிருக்கு, திருப்பவும் ஆரம்பிச்சிருக்கார்.

1999 ஜனவரியில வந்த முடிவு இதுதான்: கைப்பிடியைத் திருப்பப் போய் கவனம் சிதறி, தெரியாமலே வலது ரட்டரை அழுத்தி, கட்டுப்பாட்டை இழந்தார், பெட்ரோல் நிரப்பாம கிளம்பினதும் காரணம். எட்டாத இடத்துல குறியில்லாத கைப்பிடியை வெச்ச கட்டுமான முடிவு, அளவுக்கோடு இல்லாத பெட்ரோல் குழாய், இந்த வகை விமானத்துல போதாத பயிற்சியும் அனுபவமும், இதெல்லாம் துணைக் காரணங்கள். ரத்தத்துல மது இல்ல. அவர்கிட்ட செல்லுபடியாகற மெடிக்கல் சர்ட்டிஃபிகேட் இல்லங்கறது அப்போ பெருசா பேசப்பட்டுது, ஆனா விமானம் விழுந்ததுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

இப்படி ஒரு கைப்பிடியை எப்படி அனுமதிச்சாங்கன்னு கேப்பீங்க. கம்பெனி செஞ்சு விக்கற சின்ன விமானத்துக்கு அப்போ இருந்த அமெரிக்க விதி, 23.777, சீட் எந்த நிலையில இருந்தாலும், சீட்டையோ ஸ்டிக்கையோ நகத்தாம பைலட் பெட்ரோல் கைப்பிடியைப் பார்க்கவும் எட்டவும் முடியணும்னு எழுதியே வெச்சிருந்துது. பெரிய பயணிகள் விமானத்துக்கான 25.777 இன்னும் தெளிவா, 5 அடி 2 இன்ச்லேர்ந்து 6 அடி 3 இன்ச் வரை யார் பெல்ட் போட்டு உக்காந்தாலும் எல்லாக் கன்ட்ரோலும் முழுசா அசையணும்ங்குது. வீட்டுல கட்டற விமானத்துக்கு இது எதுவும் கட்டாயம் இல்ல. பாதிக்கு மேல நீயே கட்டியிருந்தா எக்ஸ்பெரிமென்டல்னு சர்ட்டிஃபிகேட் கிடைக்கும், உள்ள எதை எங்க வைக்கணும்ங்கறது கட்டறவரோட இஷ்டம். அந்த சுதந்திரம் இருக்கறதாலதான் லாங்-ஈஸி மாதிரி ஒரு விமானமே பொறந்துது, அதை நான் குறையா சொல்லல. ஆனா காக்பிட் யார் உடம்புக்குக் கட்டப்பட்டுதோ அவர் கையைவிட்டு வண்டி ரெண்டாவது மூணாவது ஆளுக்குப் போகும்போது, அளவு எடுக்காம தைச்ச சட்டையை மாட்டிக்கறவங்க அவங்கதான்.

உயரமானவங்க விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா அவங்க பிரச்சனை டென்வரோடதுக்கு நேர் எதிர்ப்பக்கம், வழி மட்டும் ஒண்ணுதான். அவருக்கு கால் எட்டல, குஷன் சேர்த்தார். இவங்களுக்குத் தலை இடிக்குது, குஷனை எடுத்துடறாங்க. எடுத்தா ரெண்டு இன்ச் கிடைக்கும், ஆனா தடால்னு இறங்கற லேண்டிங்ல முதுகெலும்புக்கும் சீட்டோட அடித்தட்டுக்கும் நடுவுல இருந்த ஒரே மெத்தை போச்சு. பஞ்சு மாதிரி மெத்துன்னு தடிமனா இருக்கற குஷனும் உதவாது, அது ஒரு நொடியில அமுங்கி அடித்தட்டுல உடம்பை மோத விடும். கான்ஃபோர் மாதிரி மெதுவா அமுங்கற கெட்டி ஃபோம் மெல்லிசா போட்டா உயரமும் மிச்சம், அடியும் குறையும்.

அடுத்தது தோள் பெல்ட், இதை யாருமே பார்க்கறதில்ல. தோளுக்குப் பின்னாடி பெல்ட் போற கோணம் தோள் மட்டத்துலேர்ந்து மேல 30 டிகிரி வரை இருக்கலாம், கீழ 5 டிகிரிக்கு மேல இறங்கக்கூடாதுன்னு அமெரிக்க விமானத்துறை அமைப்பான எஃப்ஏஏவோட வழிகாட்டுதல் சொல்லுது. பெல்ட் மாட்டற இடம் சராசரி உயரத்துக்கு வெச்சது, உயரமானவரோட தோள் அதுக்கு மேல போயிடும், பெல்ட் தோளைத் தாண்டி கீழ இறங்கும். மோதும்போது அந்த பெல்ட் அவரை சீட்டோட அழுத்தி முதுகெலும்பைச் சுருக்கும். தலை இடிக்கலன்னு சந்தோஷப்பட்டு இதை விட்டுடக்கூடாது.

ஹெல்மெட்டுக்கு வர்றேன். ஹெல்மெட் நல்லதா கெட்டதான்னு கேட்டா பொதுவா நல்லதுதான், கவிழ்ந்தாலோ பேனல்ல முகம் போய் மோதினாலோ உயிர் பிழைக்கக்கூடிய விபத்துல மண்டையைக் காப்பாத்தும். டென்வர் விழுந்த விதத்துல ஹெல்மெட்டால ஒண்ணும் ஆகியிருக்காது, அதையும் சொல்லிடணும். ஆனா தலைக்கு மேல மூணு இன்ச் இடம் இருக்கற காக்பிட்ல ஹெல்மெட் ஒண்ணரை ரெண்டு இன்ச்சைத் தின்னுடும், மிச்சம் இருக்கறது ஒரு இன்ச் சொச்சம். காத்து விமானத்தைச் சட்டுன்னு கீழ தள்ளும்போது உடம்பு மேல எழும்பும், அந்த ஒரு இன்ச் போனதும் ஹெல்மெட் கேனபியில முட்டும், அந்த அழுத்தம் முழுக்க கழுத்துக்குத்தான் இறங்கும். மண்டைக்கு வாங்கின பாதுகாப்புக்கு கழுத்து காசு கொடுக்குது. ஏற்கெனவே முட்டிட்டிருக்கறவர் தலையைச் சாய்ச்சோ குனிஞ்சோ உக்காருவார், குனிஞ்ச கழுத்து நிமிர்ந்த கழுத்தை விடச் சீக்கிரம் அடிபடும், கண்ணோட உயரமும் மாறிடறதால லேண்டிங்ல ரன்வே தெரியற விதமும் மாறிடும்.

சாய்ஞ்சு உக்காருற காக்பிட்ல இன்னொரு சங்கடம் உண்டு. ஹெல்மெட்டோட பின்பக்கத் தடிமன் ஹெட்ரெஸ்ட்ல பட்டு தலையை முன்னுக்குத் தள்ளும், தாடை நெஞ்சுல போய் ஒட்டும், ஒரு மணி நேரத்துல கழுத்து பிடிச்சுக்கும். ஹெட்ரெஸ்ட்டைக் குடைஞ்சோ பின்னால தள்ளியோ அதை சரிபண்ணலாம். பக்கவாட்டுலயும் பாருங்க, குறுகின கேனபியில ஹெல்மெட்டோட தலையைத் திருப்பினா கண்ணாடியில உரசி நிக்கும், தோளுக்குப் பின்னாடி பார்க்கவே முடியாது. டென்வர் காக்பிட்ல ஆறடி ரெண்டு இன்ச் ஆள் ஹெல்மெட்டோட உக்காந்து அதே கைப்பிடியைத் தேடறதை நெனச்சுப் பாருங்க, அவருக்குப் பெடல் எட்டும், ஆனா உடம்பை முறுக்க இடம் இருக்காது.

எந்த ஹெல்மெட்னு கேக்கறவங்களுக்கு: பாராகிளைடர், மைக்ரோலைட்காரங்க போடறது மாதிரி இஎன் 966 தரத்துல வர்ற லேசான ஹெல்மெட் சின்ன காக்பிட்டுக்குப் பொருந்தும். மோட்டார்பைக்கோட முழுமுகம் மூடின ஹெல்மெட் வேணவே வேணாம், கனம் அதிகம், பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும், ஹெட்செட்டும் உள்ள உக்காராது. திறந்த காக்பிட்னா நான் யோசிக்காம ஹெல்மெட் போடச் சொல்வேன். மூடின தாழ்வான கேனபில, போட்டுப் பெல்ட்டை இறுக்கினதுக்கு அப்புறமும் உச்சிக்கு மேல ஒரு முஷ்டி அளவு இடம் இல்லன்னா முதல்ல இடத்தை உண்டாக்கணும், அப்புறம்தான் ஹெல்மெட். இது என்னோட கணக்கு, விதி இல்ல.

இடத்தை உண்டாக்க வழி இருக்கு. சீட்டோட அடித்தட்டை இறக்கலாம், முதுகை இன்னும் சாய்க்கலாம், உப்பின கேனபி போடலாம். கட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடின்னா வேற டிசைனே எடுக்கறது இதையெல்லாம் விட மேல், வீட்டுல கட்டற விமானத்துக்கு கிட் விக்கற வேன்ஸ் கம்பெனி, அவங்களோட ஆர்வி-4 விமானம் பத்தலன்னு சொன்ன பெரிய உடம்புக்காரங்களையும் மனசுல வெச்சுத்தான் ஆர்வி-8ஐக் கொண்டுவந்தாங்க. எதைப் பண்ணினாலும் அது வேற எங்கயோ போய் இடிக்கும். முதுகைச் சாய்ச்சா பேனல் ஸ்விட்ச் தூரமாகும், மூக்குக்கு மேல பார்க்கறது குறையும். சீட்டை இறக்கினா முழங்கால் மேல எழும்பி பேனல் அடியில தட்டும், ஸ்டிக்கை முழுசா பக்கவாட்டுல தள்ளினா தொடையில நிக்கும். லாங்-ஈஸி மாதிரி மூக்குல குட்டி இறக்கை வெச்ச கேனார்டு விமானத்துல முன்சீட் ஆளோட எடையே எடைமையத்தை நல்லா நகத்தும், ஆள் மாறினாலோ சீட் நகர்ந்தாலோ புதுசா கணக்குப் போடணும். பெரிய ஷூ போடறவங்க ரட்டரை அழுத்தும்போது பிரேக்கும் சேர்ந்து அழுந்துதான்னும் பார்க்கணும்.

அதனால வாங்கறதுக்கு முன்னாடியோ சீட்டை மாத்தினதுக்கு அப்புறமோ இன்ஜின் ஓடாம ஹேங்கர்ல உக்காந்து பார்க்கறதுக்கு அரை நாளே போனாலும் போகட்டும். பறக்கும்போது போடப்போற அதே ஷூ, அதே ஜாக்கெட், அதே குஷன், அதே ஹெல்மெட். பெல்ட்டை நிஜமா இறுக்கி, கேனபியை மூடிட்டு, ஸ்டிக்கை நாலு மூலைக்கும் கொண்டுபோங்க, ரெண்டு பெடலையும் முழுசா அழுத்துங்க. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு பெட்ரோல் கைப்பிடி, இன்ஜின் வேகத்துக்கான த்ராட்டில், பெட்ரோல்-காத்துக் கலவைக்கான மிக்ஸ்சர், கேனபி பூட்டு ஒவ்வொண்ணையும் தொடுங்க. வெளிய ஒருத்தரை நிக்க வெச்சு அவரை உங்க காலையும் ஸ்டிக்கையும் மட்டும் பார்க்கச் சொல்லுங்க, ஏன்னா கால் நீளறது உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஏதாவது ஒண்ணைத் தொட பெல்ட்டைத் தளர்த்தவேண்டி வந்தா, இல்ல ஸ்டிக்கோ பெடலோ அசைஞ்சா, அதை இடம் மாத்திட்டு மறுபடி முதல்லேர்ந்து உக்காந்து பாருங்க.